பறிகொடுத்தவர் யார்?

பெரிய தொழில்நுட்பக் கம்பெனி ஒன்றின் கணினிகளுக்குள் அந்நியர் புகுந்து, கோடிக்கணக்கான மக்களின் அந்தரங்க விவரங்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்ற செய்தி வெளிவந்து, அக்கம்பெனியின் மீது சர்க்கார் அபராதம் விதிக்கக்கூடும் என்ற பேச்சும் எழுந்துவிட்டால், அதற்கு எதிரான ஒரு வாதம் உடனே புறப்பட்டுவிடுகிறது. திருடியவன் முகம் தெரியாத ஏதோ ஒரு தேசத்தில் சௌக்கியமாக இருக்க, அவனைப் பிடிக்கச் சக்தியில்லாத சர்க்கார், பறிகொடுத்தவனைக் கூண்டில் ஏற்றி அவனிடமே தண்டம் வசூலிப்பது எந்த ஊர் நியாயம் என்பதுதான் அந்த வாதம். கம்பெனிகளின் வக்கீல்கள் மட்டும் இப்படிச் சொல்வதாயிருந்தால், கட்சிக்காரருக்காகப் பேசுவது அவர்கள் கடமை என்று விட்டுவிடலாம். ஆனால் பத்திரிகைகளில் எழுதும் அறிஞர்களும், கணினித் துறையிலேயே நாள் முழுவதும் உழைக்கும் நல்லெண்ணமுள்ள இளைஞர்களும், தங்கள் விவரங்களையே இழந்துவிட்ட சாதாரண ஜனங்களுங்கூட இதை ஒப்புக்கொண்டு தலையசைக்கும் நிலை ஏற்பட்டிருப்பதால், இந்த அபிப்பிராயம் அடியோடு பிசகானது என்பதை எடுத்துக்காட்டுவது அவசியமாகிறது.

வாதத்தை அந்தரத்தில் நடத்துவதில் பிரயோஜனமில்லை. உலகமறிய நடந்து, விசாரணையும் முடிந்து, தீர்ப்பும் வெளிவந்துள்ள ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். 2018 செப்டம்பர் 25-ஆம் தேதி, தங்கள் தளத்தின்மேல் ஒரு தாக்குதல் நடந்துகொண்டிருப்பதை ஃபேஸ்புக் கம்பெனியின் பொறியாளர்கள் கண்டுகொண்டார்கள். அதற்கு இடங்கொடுத்த ஓட்டை எத்தகையது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒருவர் தம்முடைய பக்கம் இன்னொருவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று பார்த்துக்கொள்வதற்காக 'வியூ ஆஸ்' என்ற ஒரு வசதியை அத்தளம் வைத்திருந்தது. தாம் மறைக்க விரும்பியவை உண்மையிலேயே மறைந்திருக்கின்றனவா என்று சரிபார்ப்பதற்கு உதவும், அந்தரங்கத்தைக் காப்பதற்கென்றே ஏற்பட்ட வசதி அது. பார்ப்பதற்கு மட்டுமே இடமிருக்க வேண்டிய அப்பக்கத்தில், பிறந்தநாள் வாழ்த்து எழுதும் பெட்டி ஒன்று வீடியோவை ஏற்றுவதற்கும் இடம் தந்துவிட்டது. அந்த வீடியோவை ஏற்றுவதற்காக 2017 ஜூலையில் புதிதாகச் சேர்க்கப்பட்ட நிரலோ, கடவுச்சொல்லை மறுபடி கேட்காமலேயே ஒரு கணக்கைத் திறந்து வைக்கும் 'ஆக்ஸஸ் டோக்கன்' என்ற சாவியை, உண்டாக்கக்கூடாத இடத்தில் உண்டாக்கியது. உண்டாக்கிய சாவியும், பார்க்கிறவருடைய கணக்குக்குரியதாக இல்லாமல், யாருடைய கண்கொண்டு பார்ப்பதாகப் பாவனை செய்கிறாரோ அவருடைய கணக்குக்குரியதாக இருந்தது. ராமன் தன் பக்கத்தைக் கிருஷ்ணனுடைய பார்வையில் பார்த்தால், கிருஷ்ணன் கணக்கின் சாவி ராமன் கையில் வந்து விழும். அந்தச் சாவியைக் கொண்டு கிருஷ்ணனுடைய நண்பர்களின் சாவிகளையும், அவர்களைக் கொண்டு அவர்களுடைய நண்பர்களின் சாவிகளையும் எடுத்துக்கொண்டே போகலாம். தாக்கியவர்கள் செய்ததும் அதுவே. ஏறத்தாழ 4 லட்சம் கணக்குகளிலிருந்து தொடங்கி, 3 கோடிப் பேருடைய சாவிகளை அவர்கள் கைப்பற்றினார்கள். இந்த வாசல் பதினான்கு மாத காலம் திறந்து கிடந்தது.

அவர்களில் ஒன்றரைக் கோடிப் பேரிடமிருந்து பெயரும் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் போயின. இன்னும் 1 கோடியே 40 லட்சம் பேரிடமிருந்து, அவற்றோடு பிறந்த தேதி, சொந்த ஊர், படித்த பள்ளி, பார்க்கும் உத்தியோகம், மணமானவரா என்ற விவரம், மதம், கடைசியாகத் தாம் இருந்ததாகக் குறித்த பத்து இடங்கள், கடைசியாகத் தேடிய பதினைந்து விஷயங்கள் என்று, நெருங்கிய உறவினருக்கும் தெரிந்திராத சங்கதிகளெல்லாம் போயின. குழந்தைகளைப் பற்றிய விவரங்களும் அவற்றில் அடக்கம் என்று பின்னால் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது.

இப்பொழுது கேட்கிறேன்: இதில் பறிகொடுத்தவர் யார்? கம்பெனியின் எந்த யந்திரம் நின்றது? எந்த விளம்பரம் மறுநாள் வராமல் போயிற்று? அந்த வருஷத்து நிகர லாபம் 2,200 கோடி டாலருக்கு மேல் என்று அதே கம்பெனி தன் பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்டியது. களவுபோன பிறந்த தேதி கம்பெனியின் பிறந்த தேதி அன்று. களவுபோன மதமும் ஊரும் கம்பெனியின் மதமும் ஊரும் அல்ல. கடவுச்சொல் களவுபோனால் வேறொன்று வைத்துக்கொள்ளலாம். பிறந்த தேதியையும் பிறந்த ஊரையும் எவரும் மாற்றிக்கொள்ள முடியாது. இன்றைக்கு ஒருவன் தொலைபேசியில் அழைத்து, வங்கியிலிருந்து பேசுவதாகவோ போலீஸ் அதிகாரி என்றோ சொல்லிக்கொண்டு, நம்முடைய பெயரையும் பிறந்த தேதியையும் முன்பு பார்த்த வேலையையும் வரிசையாக ஒப்பித்தால், வயதானவர்கள் அவனை நம்பிப் பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். விவரம் ஒரு தடவை வெளியே போய்விட்டால் அது எந்தக் கையில் எந்த வருஷத்தில் ஆயுதமாகும் என்பதை எவராலும் சொல்ல முடியாது. இந்தப் பயத்தைச் சுமக்கிறவர்களே பறிகொடுத்தவர்கள்.

கம்பெனியின் ஸ்தானம் அடகுக்கடைக்காரருடைய ஸ்தானம். ஒரு பெண் தன் நான்கு சவரன் சங்கிலியை வைத்துவிட்டு, எடையும் மாற்றும் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு போகிறாள். பின்கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதை மாதக்கணக்காகக் கவனியாமல் இருந்த கடைக்காரர், ஒரு நாள் அவளைப் பார்த்து, 'அம்மா, நானும் உன்னைப்போலத் திருட்டுக் கொடுத்தவன்தான்' என்று சொன்னால் அதை அவள் ஒப்புக்கொள்வாளா? பிறர் பொருளை ஒப்படைப்பாகப் பெற்று வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள ஒரு மனிதர் அதே நிலைமையில் தம் சொந்தப் பொருளை எவ்வளவு ஜாக்கிரதையாகக் காப்பாரோ அவ்வளவு ஜாக்கிரதையாகக் காக்கக் கடமைப்பட்டவர் என்று, இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-லேயே தன் 151-ஆம் பிரிவில் விதித்திருக்கிறது. அவ்வளவு ஜாக்கிரதையோடு இருந்தும் பொருள் போய்விட்டால் அவர்மேல் பொறுப்பில்லை என்பதையும் அடுத்த பிரிவு சொல்கிறது. மனித விவரங்கள் அச்சட்டம் கருதிய சரக்குகள் அல்ல என்பது மெய். ஆயினும் அதன் நியாயம் இதற்கும் அணுவளவும் பிசகாமல் பொருந்தும். அத்துடன், ஃபேஸ்புக் கம்பெனி நம் விவரங்களைத் தர்மத்துக்காக வாங்கி வைத்திருக்கவில்லை. அவற்றைக் கொண்டே விளம்பரதாரர்களிடம் பொருளீட்டுகிறது. லாபம் வரும்போது விவரங்கள் தன்னுடையவை, களவுபோகும்போது மட்டும் எல்லாரும் சேர்ந்து பறிகொடுத்தவர்கள் என்று ஒரே கம்பெனி இரண்டு விதமாகப் பேச இடங்கொடுக்கலாகாது.

இதற்குப் பதிலாக இரண்டாவது ஆட்சேபம் வருகிறது. இது முதலாவதைவிடக் கௌரவமானது, ஆகையால் பொறுமையாக ஆராயத் தக்கது. பிழையே இல்லாத நிரலை மனிதன் எழுதியதில்லை, எழுதப்போவதும் இல்லை. மிகுந்த ஜாக்கிரதையுள்ள ஸ்தாபனத்துக்குள்ளும் என்றாவது ஒருநாள் எவனாவது புகுந்துவிடுவான். முடியாத காரியத்தைச் செய்யவில்லை என்று தண்டிப்பது கொடுமையல்லவா என்கிறார்கள். கொடுமைதான், சட்டம் அப்படிச் செய்திருக்குமானால். 2018 மே 25-ஆம் தேதி ஐரோப்பாவில் அமலுக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை, எவரும் ஒருபோதும் புகமுடியாத கோட்டையைக் கட்டும்படி எந்தக் கம்பெனியையும் கேட்கவில்லை. தொழில்நுட்பம் எட்டியிருக்கும் நிலை, ஆகும் செலவு, விவரங்களின் தன்மை, மக்களுக்கு நேரக்கூடிய ஆபத்து ஆகியவற்றை நிறுத்துப் பார்த்து, அவற்றுக்குத் தக்க பாதுகாப்பைச் செய் என்று மட்டுமே அது சொல்கிறது. ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பெனியான மெட்டாவின்மேல் அயர்லாந்து ஆணையம் 2024 டிசம்பரில் விதித்த 25 கோடியே 10 லட்சம் யூரோ அபராதத்தைப் பகுத்துப் பார்த்தால் இது விளங்கும். தளத்தை அமைக்கும்போதே பாதுகாப்பையும் சேர்த்து அமைக்கத் தவறியதற்கு 13 கோடி; அவசியமான விவரம் மாத்திரமே கையாளப்படும் என்ற நியதி தானாகவே நடக்கும்படி செய்யத் தவறியதற்கு 11 கோடி; களவைப் பற்றி ஆணையத்துக்குத் தந்த அறிவிப்பில் சேர்த்திருக்க வேண்டியவற்றைச் சேர்க்காததற்கு 80 லட்சம்; நடந்தவற்றையும் எடுத்த நடவடிக்கைகளையும் உரியபடி பதிவுசெய்து வைக்காததற்கு 30 லட்சம். திருடன் வந்தான் என்பதற்காக இதில் ஒரு யூரோவும் இல்லை.

கைக்குள் இருந்த காரியத்தைச் செய்யாமல் விட்டதற்கு இன்னும் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டுமானால், மக்களின் கடன் விவரங்களைத் தொகுத்து விற்கும் ஈக்விஃபாக்ஸ் கம்பெனியின் கதையைப் பார்க்கலாம். அது உபயோகித்த அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் இருந்த ஓட்டை 2017 மார்ச்சில் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. அதை அடைக்கும் திருத்தமும், ஒரு காசு விலையில்லாமல், அப்போதே வெளியிடப்பட்டது. அமெரிக்க சர்க்காரின் கணினிப் பாதுகாப்புப் பிரிவு எச்சரிக்கை அனுப்பியது. கம்பெனிக்குள்ளேயே 48 மணி நேரத்துக்குள் அடைக்கும்படி உத்தரவும் போயிற்று. மே மாதத்தில் திருடர்கள் அதே ஓட்டையின் வழியாக உள்ளே வந்தார்கள். உள்ளே வந்தவர்களைக் கண்டு சொல்லியிருக்க வேண்டிய கண்காணிப்புக் கருவியோ, அதற்குரிய சான்றிதழ் காலாவதியாகிக் கிடந்ததால், குருடாக இருந்தது. ஜூலை 29-ஆம் தேதி அந்தச் சான்றிதழைப் புதுப்பித்தவுடனே களவு கண்ணில் பட்டது. அதற்குள் சுமார் 14 கோடியே 70 லட்சம் மனிதர்களின் விவரங்கள் போய்விட்டன. இதையும் முடியாத காரியம் என்று எவரேனும் சொல்வாராயின், அவரோடு விவாதிப்பதற்கு ஒன்றும் இல்லை.

கணினித் துறையில் உழைக்கும் இளைஞர்களை மேலே குறிப்பிட்டேன். அவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அபராதத்தைத் தங்கள் உழைப்பின்மேல் சுமத்தப்பட்ட அவமானமாக அவர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் அது அவர்களுடைய வார்த்தைக்குக் கிடைக்கும் பலம். ரிலீஸ் தேதி நெருங்கிவிட்டது, இன்னும் ஒரு வாரம் சோதித்துப் பார்த்தால் நல்லது என்று ஒரு பொறியாளர் சொல்கிறார்; தேதி தள்ளினால் வருமானம் தள்ளும் என்று மேலதிகாரி பதில் சொல்கிறார். பாதுகாப்புக்காகச் செலவிடும் பணத்துக்கு எந்தக் கணக்கிலும் வரவு தெரிவதில்லை. நேராத விபத்துக்கு யாரும் பாராட்டுவதும் இல்லை. அந்த அறையில் பொறியாளரின் சொல் எடுபட வேண்டுமானால், 'தவறினால் கம்பெனி இவ்வளவு கோடி கட்ட வேண்டியிருக்கும்' என்று அவர் எடுத்துக்காட்டக்கூடிய ஓர் எண் இருக்க வேண்டும். அலட்சியத்தின் விலை ஜாக்கிரதையின் விலையைவிட அதிகமாக இருந்தாலன்றி, லாபத்துக்காக நடத்தப்படும் ஒரு ஸ்தாபனம் ஜாக்கிரதையைத் தேர்ந்தெடுக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு யாதொரு முகாந்தரமும் இல்லை.

இனி, மிகவும் சாமர்த்தியமாகச் சொல்லப்படுவதும், கேட்பவரைச் சட்டென்று மயக்குவதுமான ஆட்சேபம் ஒன்று உண்டு: அபராதத்துக்குப் பயந்து கம்பெனிகள் களவை மூடி மறைத்துவிடும், அதனால் மக்களுக்கு இரட்டை நஷ்டம் என்பது. சரித்திரம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. ஐரோப்பிய விதிமுறை அமலுக்கு வருவதற்கு முன், 2016-இல், ஊபர் கம்பெனியின் பயணிகளும் ஓட்டுநர்களுமாக 5 கோடியே 70 லட்சம் பேருடைய விவரங்கள் களவுபோயின. கம்பெனி என்ன செய்தது? திருடியவர்களுக்கு 1 லட்சம் டாலர் கொடுத்து, வெளியே சொல்வதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு, அந்தப் பணத்தை ஓட்டைகளைக் கண்டுபிடித்துச் சொல்லும் நல்லவர்களுக்குத் தரும் வெகுமதியாகக் கணக்கில் எழுதி, ஒரு வருஷ காலம் மௌனமாக இருந்தது. பெரிய அபராதத்தின் நிழல்கூட விழாத காலத்தில்தான் இந்த மறைப்பு நடந்தது. மறைத்தது வெளிப்பட்டதும் அமெரிக்க மாநிலங்களோடு 14 கோடியே 80 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது. பாதுகாப்புத் தலைமை அதிகாரியாக இருந்தவர் 2022-இல் குற்றவாளி என்று ஜூரிகளால் தீர்மானிக்கப்பட்டார். மாறாக, களவைக் கண்டுகொண்ட எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்ற ஐரோப்பிய விதி பிறந்த நான்காவது மாதத்தில் அகப்பட்டுக்கொண்ட ஃபேஸ்புக், செப்டம்பர் 25-இல் கண்டுகொண்டதை 28-ஆம் தேதி உலகுக்குச் சொல்லி, 9 கோடிக் கணக்குகளின் சாவிகளை ரத்து செய்தது. சொல்வதற்கு ஒரு தண்டமும் மறைப்பதற்கு அதைவிடக் கடுமையான தண்டமும் இருக்குமானால், சொல்வதே லாபம் என்பதைக் கம்பெனிகள் எளிதாகக் கணக்கிட்டுக்கொள்ளும்.

மக்களே அந்தக் கம்பெனியை விட்டு விலகித் தண்டித்துவிடுவார்கள், சர்க்கார் தலையிட வேண்டாம் என்பாரும் உளர். 2018-இன் மூன்றாம் காலாண்டில் மாதந்தோறும் ஃபேஸ்புக்கை உபயோகித்தவர்கள் 227 கோடி. வருஷ முடிவில் 232 கோடி. உறவினரும் நண்பரும் வியாபாரமும் ஒரே இடத்தில் கூடியிருக்கும்போது தனி ஒருவர் எங்கே எழுந்து போவார்?

அபராதத்தைக் குறைகூற வேண்டுமானால் உண்மையான குறைகள் இரண்டு இருக்கின்றன. அதன் எதிரிகள் அவற்றைச் சொல்வதில்லை. ஒன்று தாமதம். 2018-இல் நடந்த களவுக்குத் தீர்ப்பு 2024-இல் வந்தது. மேல்முறையீடு செய்யப்போவதாக அன்றே கம்பெனி அறிவித்துவிட்டது. மற்றொன்று தொகை. களவு வெளியான சமயத்தில், அபராதம் 163 கோடி டாலர் வரை போகலாம் என்று பத்திரிகைகள் எழுதின. உலக வருவாயில் நூற்றுக்கு நான்கு என்ற உச்ச வரம்பை வைத்துப் போட்ட கணக்கு அது. கடைசியில் ருசுவான குற்றங்களுக்குரிய உச்ச வரம்பு நூற்றுக்கு இரண்டுதான் என்றாலும், மெட்டாவின் 2023-ஆம் வருஷத்து வருவாயான 13,490 கோடி டாலரில் அதுவே சுமார் 270 கோடி டாலர் ஆகும். விதித்ததோ அதில் பத்தில் ஒரு பங்கு அளவே. 2024-இல் அக்கம்பெனி ஈட்டிய 6,200 கோடி டாலருக்கு மேற்பட்ட நிகர லாபத்தோடு ஒப்பிட்டால், இது ஒன்றரை நாள் லாபம். பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானக் கம்பெனியின் தரவுக் களவு விஷயத்திலும், 2019-இல் சுமார் 18 கோடியே 34 லட்சம் பவுண்டு விதிக்க உத்தேசம் என்று முழங்கிய பிரிட்டிஷ் ஆணையம், 2020-இல் 2 கோடியோடு நிறுத்திக்கொண்டது. கடைசியில் இதையெல்லாம் வாடிக்கையாளர்தான் சுமக்கப்போகிறார் என்று அழுவோர், ஒன்றரை நாள் லாபத்தைக் கட்டுவதற்காக எந்த வாடிக்கையாளரிடம் எந்த விலையை எந்தக் கம்பெனி உயர்த்தியது என்று காட்டட்டும்.

சர்க்காரே தன்னிடமுள்ள விவரங்களைக் காக்காதபோது பிறரைத் தண்டிக்க அதற்கு என்ன யோக்கியதை என்ற கேள்வியில் நியாயம் உண்டு. அதற்குப் பரிகாரம் சர்க்காரையும் அதே கூண்டில் ஏற்றுவது. வட அயர்லாந்துப் போலீஸ் இலாகா 2023-இல் தன் உத்தியோகஸ்தர்கள் எல்லாருடைய விவரங்களையும் தவறுதலாக வெளியிட்டதற்கு, அடுத்த வருஷம் ஏழரை லட்சம் பவுண்டு அபராதம் கட்ட நேர்ந்தது. ஆகவே செய்ய முடியாத காரியமல்ல.

நம் நாட்டுக்கு வருவோம். நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையில் அமைந்த குழு 2018-இல் தயாரித்த வரைவில், உலக வருவாயில் இத்தனை விகிதம் என்று அபராதத்தை நிர்ணயிக்கும் முறையும், பாதிக்கப்பட்டவர் நஷ்ட ஈடு கோரும் உரிமையும் இருந்தன. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டும் இல்லை. பாதுகாப்பில் தவறியதற்கு 250 கோடி ரூபாய் வரை, களவை அறிவிக்கத் தவறியதற்கு 200 கோடி ரூபாய் வரை என்று உச்ச வரம்பு கட்டப்பட்டிருக்கிறது. கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும் இத்தொகை, நாம் பேசிக்கொண்டிருக்கும் கம்பெனிக்குச் சில மணி நேரத்து லாபம். அதுவும் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போய்ச் சேருமே தவிர, விவரம் இழந்தவருக்கு ஒரு பைசாவும் வராது. அலட்சியமாக இருந்த கம்பெனியிடமிருந்து நஷ்ட ஈடு பெறுவதற்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-ஆம் வருஷத்துத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 43-ஏ என்ற பிரிவு ஒன்று இருந்துவந்தது. அதை நீக்குவதற்கும் இந்தப் புதிய சட்டமே வகை செய்திருக்கிறது. இதற்கிடையில், அற்பமான புகார் கொடுத்தார் என்று கருதப்படும் தனி மனிதருக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மட்டும் அதில் இடம் இருக்கிறது.

கம்பெனிகளின்மேல் இரக்கப்பட்டு எழுதும் அன்பர்கள், தங்கள் பேனாவை இந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 43-ஏ பிரிவை நீக்கும் வாசகத்தை நாடாளுமன்றம் திரும்பப் பெற வேண்டும்; 250 கோடி என்ற வரம்பை எடுத்துவிட்டு, ஸ்ரீகிருஷ்ணா குழு சொன்னபடி வருவாயின் விகிதத்தை வைக்க வேண்டும்; வசூலாகும் தொகையில் ஒரு பகுதி விவரம் இழந்தவர்களுக்குச் சேர வேண்டும்; விசாரணை இத்தனை மாதத்துக்குள் முடிய வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.